சூப்பர்சார்ஜருக்குத் தண்ணி காட்டுவது

மதுரை கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது. 1300 சிசி பெட்ரோல் இன்ஜின். சூப்பர்சார்ஜர் என்றால் இன்ஜினின் பெல்ட்டில் சுழன்று அதற்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் கருவி. ஜப்பானின் குட்டிக் கார்களுக்காகச் செய்யப்பட்ட ஐசின் ஏஎம்ஆர்500 சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பழைய சாமானாக வாங்கி, புல்லியையும் பிராக்கெட்டையும் தானே கடைந்து அதில் மாட்டியிருந்தார். தை மாதத்தில் வண்டி பறந்தது. சித்திரை பிறந்ததும் அதே வண்டி, ஆக்சிலேட்டரை அழுத்தினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. விடியற்காலையில் எடுத்தால் சத்தம் குறைவு. மதியம் இரண்டு மணிக்கு எடுத்தால் காது கூசும்.

"இன்ஜின் தட்டுதுண்ணே. பெட்ரோலை மாத்திப் பாப்பமா?" என்றான் பட்டறைப் பையன். மாற்றினோம். கொஞ்சம் அடங்கியது, நிற்கவில்லை.

காரணம் வெயில் மட்டுமில்லை, வெயிலைப் பெருக்கிக் கொடுக்கும் சூப்பர்சார்ஜரும்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே கதை. காற்றை அமுக்கினால் சூடேறும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. மதுரையில் மே மாத மதியக் காற்று 40 டிகிரி என்று வையுங்கள். சூப்பர்சார்ஜர் அதை அரை பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிடச் சுமார் 7 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தத்துக்கு அமுக்குகிறது. சேதாரமே இல்லாமல் அமுக்க முடிந்தால்கூட 38 டிகிரி கூடும். ஆனால் இந்த ரகச் சின்ன சூப்பர்சார்ஜர்கள் அவ்வளவு சிக்கனமானவை அல்ல. 60 சதவீதம் திறன் என்று எடுத்துக்கொண்டால் கூடுவது 64 டிகிரி. ஆக இன்ஜினுக்குள் போகும் காற்று 104 டிகிரி. கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடான காற்றை இன்ஜின் மூச்சிழுக்கிறது. தை மாத விடியலில் 22 டிகிரியில் தொடங்கினால் இதே கணக்கு 82-இல் நின்றுவிடும். அந்த 22 டிகிரி வித்தியாசம்தான் அந்தக் கூழாங்கல் சத்தம்.

சிலிண்டருக்குள் நடப்பது இது. பிளக் பொறி போட்டதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். பரவும்போது எரியாமல் மிச்சமிருக்கும் கலவை ஓரத்தில் நசுங்கி மேலும் சூடாகிறது. ஏற்கெனவே சூடாக வந்த காற்றென்றால் தீ வந்து சேரும் வரை அது பொறுப்பதில்லை, தானாகவே ஒரே நேரத்தில் வெடிக்கிறது. அந்த அழுத்த அலை இரும்பில் மோதும் ஓசையைத்தான் நாக்கிங் என்கிறோம். லேசாக எப்போதாவது வந்தால் இன்ஜின் தாங்கும். பூஸ்டில் தொடர்ந்து வந்தால் பிஸ்டனின் ஓரம் கரையும், ரிங் உட்காரும் மேடு உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

இதற்கு வழக்கமான வைத்தியங்கள் மூன்று. பிளக் பொறி போடும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் பூஸ்டால் கிடைத்த பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். பெரிய புல்லி போட்டு பூஸ்டைக் குறைக்கலாம், அதற்கு சூப்பர்சார்ஜரே மாட்டாமல் இருந்திருக்கலாம். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைக்கலாம், அதுதான் முறையான வழி. ஆனால் எஸ்டீமின் முன்பக்கத்தில் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் போக மிஞ்சும் இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ்தான் வைக்கலாம். அப்படித்தான் பேச்சு, உள்ளே போகும் காற்றில் தண்ணீர் தெளிப்பதில் வந்து நின்றது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கசிகிற நீர் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நீருக்கு அந்தப் பசி மிக அதிகம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 350 போதும். ஏழு மடங்கு வித்தியாசம். எஸ்டீமுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூஸ்டோடு 110 குதிரைத்திறன் தேறினால், முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 410 கிராம் பெட்ரோல் குடிக்கும். நீரை எடையில் அதில் 10 முதல் 25 சதவீதம் வரை தெளிப்பது வழக்கம். நிமிடத்துக்கு 75 மி.லி. என்று வைத்தால் 18 சதவீதம். அந்த 75 மி.லி. முழுவதும் குழாயிலேயே ஆவியானால் காற்று 36 டிகிரி குளிரும். 104 என்பது 68 ஆகிவிடும். நடைமுறையில் ஒரு பகுதிதான் குழாயில் ஆவியாகும், மிச்சம் சிலிண்டருக்குள் போய் அங்கே சூட்டைத் தின்னும். அது நட்டமில்லை, தட்டல் பிறப்பதே அங்கேதான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 1996-இல் ராஜபாளையம் பக்கமிருந்து கிளம்பிய மூலிகைப் பெட்ரோல் பரபரப்புக்கு அப்புறம், இந்தப் பக்கத்தில் காரையும் தண்ணீரையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலே ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் எரிவதில்லை, அதிலிருந்து பலம் பிறப்பதில்லை. பெட்ரோல் டேங்கில் அது கலப்பதும் இல்லை. இன்ஜினுக்குப் போகும் காற்றில்தான் தெளிக்கிறோம். டைமிங்கை உரிய இடத்தில் வைக்க அது இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை நம்பி இன்ஜினைச் செட் செய்துவிட்டால், தண்ணீர் ஒருநாள் வராமல் போகும்போது மாட்டிக்கொள்வோம். தெளிப்பது சுலபம், தெளிப்பது நின்றதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நாங்கள் இதைத் தாமதமாகக் கற்றோம்.

எங்களுக்கு முன்பே இதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சண்டை விமானங்களில் எம்டபிள்யூ 50 என்ற கலவை இருந்தது: பாதிக்குப் பாதி மெத்தனாலும் நீரும், துளி துருத்தடுப்பானும். பிற்பாடு நம் ஊர் வானத்திலும் இது பறந்தது. இந்தியன் ஏர்லைன்ஸின் அவ்ரோ, ஃபோக்கர் விமானங்களில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் ரக இன்ஜின்களுக்கு, வெயிலில் மேலெழும்பும்போது பலம் குறையாமலிருக்க நீர்-மெத்தனால் தெளிக்கும் ஏற்பாடு உண்டு. கார் உலகில் 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் வந்தது. 3.5 லிட்டர் வி8, டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்குவது), கூடவே 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர் சூட்டிய நீர்-மெத்தனால் டேங்க். டேங்க் காலியானால் ஒரு வால்வு மூடி பூஸ்டைக் குறைத்துவிடும் என்ற அளவுக்கு யோசித்திருந்தார்கள். ஆனாலும் ஜனங்கள் டேங்கை நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று திட்டினார்கள். கடைசியில் பல கார்களில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தது. 2016-இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், டிக்கியில் 5 லிட்டர் நீர் டேங்கோடு வந்தது. டேங்க் தீர்ந்தால் பூஸ்டையும் டைமிங்கையும் கம்ப்யூட்டரே இறக்கிக்கொள்ளும். ஐம்பது வருடம் கழித்தும் அவர்கள் கவலைப்பட்டது அதே விஷயத்துக்குத்தான்.

சரி, பட்டறைக்கு வருவோம். பம்புக்கு நண்பர் போன இடம் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை இல்லை, விவசாய மருந்துக் கடை. தோட்டத்தில் மருந்தடிக்க முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் ஒரு 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் இருக்கிறது. 5 பார் வரை தள்ளும், மருந்தையே தாங்குவதால் நீர் அதற்குத் தூசு. ஆர்ஓ மெஷினின் பம்பும் இதே ஜாதிதான், ஆனால் 24 வோல்ட் கேட்கும், காரில் ஒத்துவராது. கண்ணாடி கழுவும் வைப்பர் டேங்க் மோட்டாரை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு; அதன் அழுத்தம் மிகக் குறைவு. 1.5 பார் தள்ளும் மோட்டாரை எதிர்த்து அரை பார் பூஸ்ட் நிற்கும்போது, நாசிலில் மிஞ்சுவது 1 பார்தான். தண்ணீர் பனியாக விழாமல் சொட்டாக விழும். 5 பார் பம்பில் அதே அரை பார் போனால் பெரிய இழப்பில்லை.

பம்பில் ஒரு தொல்லை வந்தது. அது நிமிடத்துக்கு மூன்று நான்கு லிட்டர் தள்ளக்கூடியது, நமக்கு வேண்டியது 75 மி.லி. அழுத்தம் ஏறியதும் அதனுள்ளே இருக்கும் சுவிட்ச் அணைக்கும், உடனே இறங்கும், மறுபடி ஓடும். டக்டக்கென்று விட்டுவிட்டு வரும் தெளிப்பு. ஒரு டீ ஜாயின்ட் வைத்து, மிச்ச நீரைச் சின்ன வால்வு வழியாக டேங்குக்கே திருப்பிவிட்டபின் சத்தமும் சீரானது, தெளிப்பும் சீரானது.

நாசில்தான் இந்த வேலையின் உயிர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுத்தோல் பை, நுனியில் மெல்லிய குழாய், கக்கத்தில் வைத்து ஒரு அமுக்கு. துளை சின்னது, அமுக்கு பெரியது என்றால் நீர் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு மெலிதாகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே நீர் தூரம் போகவேண்டாம், தூளாக உடைய வேண்டும். துளி சின்னதாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் ஆவியாகும். நர்சரிகளில் பனித்தூறல் விடும் பித்தளை ஃபாகர் நாசில் ஒன்றை எடுத்தோம். துளை 0.3 மில்லிமீட்டர், மூன்று நான்கு தலைமுடிப் பருமன். 4.5 பார் வித்தியாசத்தில் அந்தத் துளை கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 75 மி.லி. விடும். கணக்கை நம்பாமல், குழாயை வெளியே எடுத்து ஒரு நிமிடம் மெஷரிங் ஜாரில் பிடித்துப் பார்த்தோம். 71 வந்தது. போதும்.

அதை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்தால் ரோட்டரும் குளிரும், இடைவெளியை நீர் அடைத்துத் திறனும் கூடும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மறுபடி கிடைக்காத சாமானின் பேரிங்கிலும் பூச்சிலும் தினம் தண்ணீரடிப்பது வயிற்றைக் கலக்கும் வேலை. சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் அலுமினியக் குழாயில் துளையிட்டு மரைபோட்டு இறக்கினோம். த்ராட்டிலுக்கு முன்னால் என்பது முக்கியம். அதைத் தாண்டிவிட்டால் ஐடிலில் வெற்றிடம் இருக்கும், பம்ப் ஓடாமலே நாசில் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டேங்க் நாசிலைவிட உயரத்தில் இருந்தாலும் இதே வம்பு: வண்டி நிற்கும்போது சொட்டுச் சொட்டாக இறங்கிக் குழாயில் தேங்கும். நீர் அமுங்காது. தேங்கிய நீரோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் டேங்கைத் தாழ்வாக வைத்து, நாசிலை ஒட்டி கரண்டில் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வும் போட்டோம். பம்ப் ஓடினால் திறக்கும், நின்றால் மூடும். டியூபுக்கு ஆர்ஓ மெஷினின் கால் இஞ்ச் டியூப் போதும், ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் போகும் இரண்டடிக்குச் செம்புக் குழாய். பிளாஸ்டிக் அங்கே இளகிவிடும்.

எப்போது தெளிப்பது? 0.25 பார் பூஸ்டில் மூடும் ஒரு பிரஷர் சுவிட்ச், ரிலே, 10 ஆம்பியர் ஃபியூஸ். இதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் 2500 ஆர்பிஎம்மில் மிதித்தால் வண்டி இருமியது. யோசித்தால் காரணம் சூப்பர்சார்ஜரின் குணம். டர்போ பூஸ்டைத் தாமதமாகத் தரும். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் கீழிருந்தே தந்துவிடும். பூஸ்ட் ஒன்றாக இருந்தாலும் காற்றின் அளவு ஆர்பிஎம்மைப் பொறுத்தது. 6000-இல் 410 கிராம் பெட்ரோலுக்கு 75 மி.லி. சரியான சேர்மானம். 2500-இல் பெட்ரோல் 170 கிராம்தான், அதற்கும் அதே 75 என்றால் 44 சதவீதம். தீ நனைந்து போகிறது. டாகோமீட்டர் வயரிலிருந்து ஒரு ஆர்பிஎம் சுவிட்ச் எடுத்து, 3500-க்கு மேல்தான் பம்ப் ஓடவேண்டும் என்று வைத்தபின் இருமல் நின்றது. டர்போ வண்டிக்கு எழுதிய செய்முறையை அப்படியே பெல்ட் வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி நாங்கள் வாங்கிய அடி. டேங்கில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றிவந்தோம். ஒருநாள் அது தீர்ந்துபோக, மேலூர் பக்கம் ஒரு டீக்கடை வாசல் போர் குழாயில் இரண்டு லிட்டர் பிடித்து ஊற்றினார் நண்பர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படியென்று வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்த்தாலே தெரியும். டிடிஎஸ் 1000 என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. வண்டியை நிறுத்தியதும் நாசில் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டு இன்ஜின் சூட்டில் காய்கிறது, உப்பை விட்டுப்போகிறது. அடுத்த தடவை இன்னொரு சொட்டு. 0.3 மில்லிமீட்டர் துளைக்கு எத்தனை சொட்டு வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்கில் வண்டியை விட்டார். டேங்கில் தண்ணீர் இருக்கிறது என்று மிதவை சுவிட்ச் சொன்னது. பம்ப் ஓடுகிறது என்று பச்சை விளக்கு சொன்னது. இரண்டும் பொய் சொல்லவில்லை. பம்ப் தள்ளிய நீர் முழுவதும் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் தட்டல் கேட்கவில்லை. நான்காவது சுற்றில் சைலன்சரில் நீலப்புகை. ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது பிஸ்டனின் ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சில்லுபோல் இருந்தது. நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி.

விளக்கு சொல்லவேண்டியது பம்ப் ஓடுவதையல்ல, நாசிலில் நீர் போவதை. இதற்கென்று கடையில் கிடைக்கும் மலிவு ஃப்ளோ சென்சர்களில் பல நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கீழே உணராது. நம்முடையது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றுச் சூட்டை அளக்கும் சென்சரை நாசிலுக்குப் பின்னால் வைக்கலாமென்றால், ஈரம் பட்டு அது இல்லாத குளிர்ச்சியைக் காட்டும். கடைசியில் ஒத்துவந்தது ஒரு பழைய உபாயம். நாசிலுக்கு முன்னால் இன்னொரு சின்னத் துளைத் தடை, இரண்டுக்கும் நடுவில் அழுத்தத்தை அளப்பது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் நடுவில் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் நிற்கும். நாசில் அடைத்தால் அது ஏறும். டியூப் கழன்றாலோ டேங்க் காலியானாலோ இறங்கும். மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். எது மாறினாலும் சிவப்பு விளக்கு எரிவதோடு, பைபாஸ் வால்வு திறந்து பூஸ்டையும் இறக்கிவிடும். கூடவே டைமிங்கையும் தண்ணீர் இல்லாமலே மிதமான மிதியைத் தாங்கும் இடத்தில் வைத்தோம். இரண்டு மூன்று குதிரை குறைந்திருக்கும். போகட்டும்.

மெத்தனால் கலக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கலந்தால் தட்டல் இன்னும் அடங்கும், உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் அதை வைத்திருக்க உரிமம் வேண்டும், அது நியாயமும்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். நிறமில்லாத திரவம், பட்டறையில் ஒரு கேனில். பையன்கள் வந்துபோகிற இடம். வேண்டாம். குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். மதுரையில் உறைவதற்கு என்ன இருக்கிறது?

ரோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆரம்பத்தில் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தது எங்கள் தப்பு. இப்போது வண்டி டிரக்கில் ஏறித்தான் டிராக்குக்குப் போகிறது.

இரண்டு லிட்டர் டேங்க் முழு மிதியில் 26 நிமிடம் வரும், டிராக்கில் ஒரு நாளைக்குத் தாராளம். வண்டி கிளம்புமுன் நாசிலைக் கழற்றி, ஒரு நிமிடம் ஜாரில் பிடித்து, அளவை டேஷ்போர்டு உள்ளே ஒட்டிய அட்டையில் எழுதவேண்டும். அது பட்டறைப் பையன் வேலை. போன வாரம் 71-க்குப் பதில் 66 வந்திருக்கிறது. "அண்ணே, வினிகர்ல ஊறப்போட்டிருக்கேன், நாளைக்குப் போவோம்" என்றான்.